மூன்றில் இரண்டு

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பஸ் ஏறிப் போன பிறகு நான் முதலில் கவனித்தது செருப்பைத்தான். வாசலில் உன் செருப்பு கிடந்தது. என்னுடையதைக் காணவில்லை. கிளினிக் பாத்ரூமில் சுடிதாரை மாற்றியபோது செருப்பையும் மாற்றிக்கொண்டோம். திரும்ப மாற்றும்போது சுடிதாரை மட்டும் மாற்றியிருக்கிறோம். உன்னுடையது எனக்கு ஒரு விரல் பெரிது. நடந்தால் பின்னால் யாரோ வருவதுபோலச் சத்தம் கேட்கிறது.

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். அத்தை, மாமா இருவரும் சுகமாக இருப்பார்கள். இங்கே அப்பாவுக்கு முதுகுவலி அப்படியே இருக்கிறது. ஸ்கூல் வேன் சீட்டை மாற்றச் சொன்னால், "முதுகை மாத்துறது அதைவிடச் சுலபம்" என்கிறார். அம்மாவுக்குப் பள்ளிச் சீருடை தைக்கும் வேலை வந்திருக்கிறது.

பாத்ரூமில் நீ கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மாடியில் நடந்தது உனக்குத் தெரியாது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் சொல்லவும் முடியவில்லை. உனக்குப் பதிலாக நான் போன இரண்டாம் நாள் ஒன்றும் இல்லை. நர்ஸ் டோக்கனைப் பார்த்தார், சளி டப்பாவைக் கொடுத்தார். மூன்றாம் நாள்தான் கோப்பில் இருந்த உன் போட்டோவையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தானே தெரியும். நம் இருவருக்கும் அம்மாவின் கண்.

"முதல் நாள் வெறும் எச்சில் துப்பிட்டுப் போனது நீதானே?"

தலையாட்டினேன்.

"இன்னைக்கும் அடிவயித்துல இருந்து இருமணும். தொண்டையைச் செருமிட்டு ஏமாத்தக் கூடாது."

அவர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்றார். நான் இருமினேன். எனக்குத்தான் ஜெராக்ஸ் கடைப் பவுடரால் எப்போதும் நெஞ்சில் கட்டிக்கொண்டிருக்குமே, உடனே வந்துவிட்டது. அவர் டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "இதுதான் சளி. இவ்வளவு நல்லா வருதே, அன்னைக்கு எதுக்கு அவ்வளவு நாடகம்?" என்றார். நீ அரைமணி நேரம் கண்ணில் நீர் வர இருமியும் சளி வராமல் போனதை அவர் நாடகம் என்கிறார்.

எக்ஸ்ரேயில் தெரிந்த வெள்ளை, சின்ன வயதில் உனக்கு வந்த நிமோனியாவின் தழும்பாகத்தான் இருக்கும் என்று டாக்டரே சொன்னார். மூன்று டப்பாவிலும் கிருமி இல்லை என்று வந்தால் விசாவுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவார். பிறகு அத்தானிடம் போய்ச் சேர வேண்டியதுதான்.

என் செருப்பு உன் காலைக் கடித்தால் தேங்காயெண்ணெய் தடவு.

உன் தங்கை

*

பிப்ரவரி 14

என் ஊமைக்கோட்டானுக்கு,

உன் செருப்பில் என் குதிகால் பாதி வெளியே நிற்கிறது. அத்தை பார்த்துவிட்டு, "உங்க வீட்டுல அளவு பார்த்து வாங்கித் தர மாட்டாங்களா?" என்று கேட்டார். அவசரத்தில் மாறிவிட்டது என்றேன். அது பொய் இல்லையே.

எல்லாரும் சுகம். அத்தைக்குச் சர்க்கரை, மாமாவுக்குக் கோபம், இரண்டும் கட்டுக்குள் இருக்கின்றன. நீ கடைக்கு நேரத்தில் சாப்பிட்டுப் போகிறாயா? இந்த முறை உன்னைப் பார்த்தபோது துடைப்பக்குச்சிக்குத் துப்பட்டா போட்டதுபோல் இருந்தாய். கேலிக்குச் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே.

எனக்குக் கடிதமே எழுது. ஃபோனை அத்தை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசச் சொல்கிறார். நீ எப்படியும் ஃபோனில் பேச மாட்டாய். மணியடித்தாலே அம்மாவிடம் நீட்டிவிட்டு ஓடுகிறவள். நான் உன் கடை முகவரிக்குக் கூரியரில் அனுப்புகிறேன். அங்கேதானே கூரியரும் எடுக்கிறார்கள்.

அவர் நேற்றுப் பேசினார். ஓட்டல் சலவைப் பிரிவில் அவருக்கு இப்போது பகல் வேலை கொடுத்துவிட்டார்களாம். ஒரு அறை பார்த்து வைத்திருக்கிறார். கல்யாணமாகி இருபத்திரண்டு நாள் சேர்ந்து இருந்தோம், பதினாறு மாதம் பிரிந்து இருந்தாயிற்று. இருபத்திரண்டு நாளில் அவர் முகமே எனக்கு மனப்பாடம் ஆகவில்லை. உன் சளி புண்ணியத்தில் போய்ப் படித்துக்கொள்கிறேன்.

அப்பா முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

அக்கா

*

பிப்ரவரி 22

தங்கைக்கு,

இதைக் கடையில் வைத்துப் படிக்காதே. வீட்டுக்குப் போய், அம்மா தையல் மெஷினில் இருக்கும்போது படி.

கிளினிக்கிலிருந்து ஃபோன் வந்தது. எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். ஸ்பீக்கரில்தான் இருந்தது. மூன்று டப்பாவில் முதல் நாளுடையது சுத்தம். இரண்டாம் நாளிலும் மூன்றாம் நாளிலும் காசநோய்க் கிருமி இருக்கிறது.

மூன்றில் இரண்டு. எந்த இரண்டு என்று உனக்குத் தெரியும்.

நான் என்ன சொல்வது? "அது என்னுடையது இல்லை" என்று வாய்வரை வந்தது. சொன்னால் ஆள் மாற்றிய குற்றம், கோப்பை மூடிவிடுவார்கள், பிறகு எந்தக் காலத்திலும் விசா கிடையாது. வாயை மூடிக்கொண்டேன். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு முடித்துச் சான்றிதழ் வாங்கினால், விசா வேலையை விட்ட இடத்திலிருந்து தொடர்வார்களாம்.

நீ எத்தனை நாளாக இருமுகிறாய்? நன்றாக யோசித்துப் பார். உன் கடையில் லேமினேஷன் போடுகிற அண்ணன் ஒருவன் இருமிக்கொண்டே இருந்து, திடீரென்று ஊருக்குப் போய்விட்டான் என்றாயே, அது எப்போது?

நான் யோசித்துவிட்டேன். நீ உன் பெயரில் ஆஸ்பத்திரிக்குப் போனால் விசாரிக்க நம் வீட்டுக்கு ஆள் வருவார்கள். தெரு முழுக்கத் தெரியும். காசநோய் வீட்டு வேனில் யார் பிள்ளையை ஏற்றுவார்கள்? அப்பாவுக்கு அந்த வேனை விட்டால் வேறென்ன இருக்கிறது? என் பெயருக்கு இந்த வீட்டு முகவரிதான் இருக்கிறது. மாத்திரையை இங்கே மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகத் தருகிறார்கள். நான் வாங்கி உனக்கு அனுப்புகிறேன். என் எடைக்கு நான்கு. உன் எடைக்கு மூன்றுதான் என்று அட்டவணையில் பார்த்துக்கொண்டேன். மீதி ஒன்றைச் சாக்கடையில் போடுகிறேன். காலையில் வெறும் வயிற்றில் போடு.

சீட்டு என் பெயரில், நோய் உனக்கு. ஆறு மாதத்தில் இரண்டு பேருக்கும் விடியும்.

பயப்படாதே. இது குணமாகிற நோய் என்று சுவரெல்லாம் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பார்சல் போன வாரம் வந்தது. உடனே எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஓனர் பார்சலைக் குலுக்கிப் பார்த்து, "என்னம்மா, வளையலா?" என்றார். தலையாட்டினேன். "காதுல போடறது மாதிரி சத்தம் வருதே" என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

மூன்று மாத்திரையும் காலையில் போடுகிறேன். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது. முதல் நாள் பயந்துவிட்டேன், பிறகு உன் சீட்டில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். மருந்துக்கடை மெஷினில் எடை பார்த்தேன். நாற்பத்தொன்று. லேமினேஷன் அண்ணன் போனது தீபாவளிக்கு முன்னால் என்று ஓனர் சொன்னார், எனக்கு மாதம் ஞாபகம் இல்லை. மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் நாங்கள் இருவரும்தான் ஒரு வருடம் உட்கார்ந்திருந்தோம். எட்டாவதோடு நின்று நான் கடைக்கு வந்தபோது, தாளை உதறி அடுக்கக் கற்றுக் கொடுத்தது அவர்தான்.

காலையில் வழக்கம்போல வேனில் போகிறேன். பதினான்கு பிள்ளைகள். ஏற்றி இறக்க ஆள் வேண்டும் என்கிறார் அப்பா. கடைக்குட்டி ஒன்று இருக்கிறதே, பட்டாணி, அது என் மடியில்தான் உட்காரும். வேறு இடத்தில் உட்கார வைத்தால் அழும். இப்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்கிறேன். அப்பா "தூசி வருது, சாத்து" என்கிறார். நான் சாத்துவதில்லை.

நீ என்ன சாப்பிடுகிறாய்? அத்தை என்ன சொல்கிறார்? உன் உடம்பு நன்றாகத்தான் இருக்கும். இருந்தாலும் கேட்கிறேன்.

உன் தங்கை

*

ஏப்ரல் 2

ஊமைக்கோட்டானுக்கு,

என் உடம்பு கல்லுமாதிரி இருக்கிறது. அதுதான் இங்கே சிரமம். சிரித்தால், "நோயாளிக்கு என்ன சிரிப்பு?" என்கிறார் அத்தை. இரண்டாவது முறை சோறு கேட்டால், "மாத்திரை பசியைக் கிளப்புது" என்று மாமாவிடம் விளக்கம் சொல்கிறார்.

எனக்குப் பின்கட்டு அறை. தனித் தட்டு, தனி டம்ளர். நான் சாப்பிட்ட தட்டில் அத்தை எட்ட நின்று கொதிக்கிற தண்ணீரை ஊற்றுகிறார், பாம்பை விரட்டுவதுபோல. கொழுந்தனாரின் பிள்ளை கதவுக்கு வெளியே நின்று, "பெரியம்மா, நீங்க செத்துப் போயிடுவீங்களா?" என்று கேட்டது. "உங்கப்பா என்ன சொன்னார்?" என்றேன். "தெரியலைன்னார்" என்றது.

தினமும் காலையில் அத்தை எதிரில் மாத்திரை போட வேண்டும். நான் பி காம்ப்ளெக்ஸ் வாங்கி அந்த டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். நான்கை அள்ளி விழுங்குகிறேன். அத்தை சாமி படத்தைப் பார்த்துக் கும்பிடுகிறார். உனக்காக நான் சாப்பிடுகிற சத்து மாத்திரைக்கு அவர் வேண்டிக்கொள்கிறார். உனக்கும் கொஞ்சம் போய்ச் சேரும்.

இரண்டாவது பார்சலை நேற்று அனுப்பினேன். ஒரு நாளும் விடாதே. விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் கேட்காது என்று இங்கே ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாள். இருமல் குறைந்ததா? நீ போன கடிதத்தில் இருமலைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல். என்ன கேட்டேன் என்று கேட்டால், ஏதாவது சொல்.

அக்கா

*

ஏப்ரல் 20

அன்புள்ள தங்கைக்கு,

உன் அக்காவின் கணவன் எழுதுகிறேன். நீயும் அப்பா அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இங்கே சுகம். அவள் அனுப்பிய நகல்களில் உங்கள் கடை முத்திரை இருந்தது, அதைப் பார்த்து முகவரி எடுத்துக்கொண்டேன். கல்யாணத்தில் நீ என்னிடம் பேசியது ஒரே ஒரு வார்த்தை. "தண்ணி" என்று சொல்லி நீட்டினாய். அதனால் உன்னிடம் கேட்டால் உண்மை வரும் என்று தோன்றியது.

நான் இங்கே வந்தபோது எனக்கும் இதே பரிசோதனை நடந்தது. எக்ஸ்ரே எடுக்கிறவர் மூச்சைப் பிடிக்கச் சொன்னபோது, பிடித்த மூச்சை விடக்கூட மறந்துவிட்டேன். அதனால் அவள் பயம் எனக்குத் தெரியும். ஃபோனில் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள். கூடத்தில் நின்று பேசுகிறாள் என்று எனக்குக் கேட்கிறது.

என் அம்மா வேறு மாதிரி பேசுகிறார். "நோயை மறைச்சுக் கட்டி வெச்சுட்டாங்க, நீ யோசிச்சு முடிவு பண்ணு" என்கிறார். நான் யோசிக்க ஒன்றும் இல்லை என்று சொன்னேன். ஆனால் தினமும் சொல்கிறார். நோய் அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்பே இருந்ததா? இருந்தாலும் எனக்கு வருத்தமில்லை. என்னிடம் மறைத்தார்கள் என்றால்தான் வருத்தம்.

பார்த்து வைத்த அறையை விட்டுவிட்டேன். அதில் ஜன்னல் திறக்காது. இப்போது வேறு அறை எடுத்திருக்கிறேன், வேலை செய்யும் இடத்திலிருந்து தூரம். ஜன்னல் பெரிது. இந்த நோய்க்குக் காற்றோட்டம் முக்கியம் என்று இங்கே கொடுத்த தாளில் படித்தேன். அவள் நுரையீரலுக்கு நல்லது.

உண்மையை எழுது. பெரியவர்களுக்கு மரியாதை சொன்னேன் என்று சொல்.

அத்தான்

*

மே 1

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் சுகமாக இருப்பது தெரிந்து சந்தோஷம். இங்கேயும் எல்லாரும் சுகம்.

அக்கா உங்களிடம் எந்த நோயையும் மறைத்துக் கல்யாணம் செய்யவில்லை. கல்யாணத்தின்போது அவளுக்கு எதுவும் இல்லை. இது உண்மை.

ஜன்னல் பெரிதாக இருப்பது நல்லதுதான்.

தங்கை

*

மே 6

ஊமைக்கோட்டானுக்கு,

நல்ல செய்தி ஒன்று, கெட்ட செய்தி ஒன்று. நல்லதை முதலில் சொல்கிறேன். இரண்டு மாதப் பரிசோதனை முடிந்தது. இங்கே ஆஸ்பத்திரியில் உப்புத் தண்ணீர்ப் புகையை மூக்கில் பிடிக்கச் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் எனக்குச் சளி தானாக வந்தது. என் சளி, என் சொந்தச் சளி. கிருமி இல்லை. டாக்டர், "மருந்து நல்லா கேக்குது" என்று என் முதுகில் தட்டினார்.

இந்தப் புகையை அன்று முதல் நாளே கொடுத்திருந்தால், நான் நீ மாற வேண்டியதே இல்லை. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு இன்னொன்றும் தோன்றியது. மாறாமல் இருந்திருந்தால் உனக்கு இருப்பது யாருக்குமே தெரிந்திருக்காது.

கெட்ட செய்தி. இனி மாத்திரையை மொத்தமாகத் தர மாட்டார்களாம். விசாவுக்கான சிகிச்சை என்றால் ஒவ்வொரு வேளையும் ஒருவர் எதிரில் விழுங்கியிருக்க வேண்டும், அவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று கிளினிக்கிலிருந்து எழுதிவிட்டார்கள். தினமும் காலையில் ஒரு அம்மா வருகிறார். மாத்திரை அக்கா என்று பெயர் வைத்திருக்கிறேன். விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்கிறார். ஏமாற்ற முடியாது. ஐந்து நாளாக நிஜ மாத்திரையை நான்தான் விழுங்குகிறேன். மத்தியானம் வரை குமட்டுகிறது. அத்தைக்கு இப்போதுதான் நான் நோயாளி மாதிரி தெரிகிறேனாம்.

உனக்கு அனுப்ப என்னிடம் ஒன்றும் இல்லை. இருமல் நின்றுவிட்டதா? நின்றிருந்தால் எழுது. நிற்காவிட்டாலும் எழுது. வேறு ஏதாவது வழி பார்க்கிறேன்.

அக்கா

*

மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உனக்குக் குமட்டல் குறைந்திருக்க வேண்டும்.

இருமல் நின்றுவிட்டது. எடை நாற்பத்து மூன்று. பள்ளிக்கூடம் லீவு, வேன் ஓடவில்லை. அப்பா வேனுக்குப் பெயிண்ட் அடிக்கிறார். என்னைப் பற்றி யோசிக்காதே.

உன் தங்கை

*

ஜூலை 3

தங்கைக்கு,

ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு தாள் இல்லை. உலகத்துத் தாளையெல்லாம் நகல் எடுக்கிறாய், எனக்கு ஒன்று எழுத வரவில்லையா? அம்மா ஃபோனில், "அவளுக்கு என்ன, எப்பவும் போல இருக்கா" என்றார். நீ எப்போதும் எப்படி இருக்கிறாய் என்று அம்மாவுக்கு என்ன தெரியும்?

சரி, நான் சொல்கிறேன். இன்னும் எட்டு வாரம். முடிந்ததும் சான்றிதழ், அதோடு கிளினிக்குக்கு வந்து ஒரே ஒரு எக்ஸ்ரே. அவர் புது அறையின் படம் அனுப்பினார். ஜன்னலுக்கு அவரே திரை தைத்திருக்கிறார். சலவைக்கு வந்து கிழிந்துபோன ஓட்டல் துணியாம். ஒருபக்கம் நீளம், ஒருபக்கம் குட்டை. அம்மா பார்த்தால் பிரித்துத் தைப்பார்.

அத்தையும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார். நேற்று என் டம்ளரில் அவரே காப்பி ஊற்றினார். எட்ட நின்றுதான், ஆனால் ஊற்றினார். "உடம்பு தேறிட்டா போய் அவனோட இரு. என் பிள்ளை தனியா சமைச்சுச் சாப்பிட்டு இளைச்சுட்டான்" என்றார். ஐந்து மாதத்தில் எனக்கு முதல்முறையாக அழுகை வந்தது.

மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாத்திரை அக்கா நேற்று என் கீழிமையை இழுத்துப் பார்த்து, கண்ணில் மஞ்சள் தெரிகிறதோ என்று யோசித்தார். தெரிந்தாலும் எட்டு வாரம்தானே. தாங்கிவிடுவேன்.

நீ யாரிடமும் மூச்சுவிடாதே என்று நான் சொல்லவே வேண்டியதில்லை. ஊரில் வேறு யாரை நம்பி நான் இதைச் செய்திருக்க முடியும்? நீ பேசாதவள். அதுதான் என் தைரியம்.

ஒரு வரியாவது எழுது.

அக்கா

*

ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எப்போதும் கடைசியில் எழுதுவார்கள். இன்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். இந்தக் கடிதம் வந்ததும் மாத்திரையை நிறுத்து. மாத்திரை அக்காவிடம் கண்ணை நன்றாகக் காட்டு.

மே மாதம் நான் எழுதியது பொய். இருமல் குறைந்திருந்தது, நிற்கவில்லை. மாத்திரை இல்லாமல் ஒரு மாதம் ஆனதும் பழையபடி வந்தது. இப்போது எடை முப்பத்தொன்பது.

லீவு முடிந்து வேன் ஓடத் தொடங்கியபோது நான் வர மாட்டேன் என்று அப்பாவிடம் சொல்ல நினைத்தேன். ஏன் என்று கேட்பார். சொல்ல வரவில்லை, போனேன். சின்னப் பிள்ளைகளுக்கு ஜூலையில்தான் வகுப்பு தொடங்கியது. பட்டாணி ஏறியதும் மடியில் உட்கார்ந்தது. லீவில் வளர்ந்திருக்கும் என்று நினைத்தேன். போன வருடத்தைவிட லேசாக இருந்தது. இருமியது. அதன் அம்மா வேன் வாசலில் நின்று, "லீவு பூரா ஐஸ்கிரீம், அதான். சளி விடவே மாட்டேங்குது" என்றார். எத்தனை நாளாக என்று அப்பா கேட்டார். "அது இருக்கும், மூணு வாரத்துக்கு மேல" என்றார் அந்த அம்மா. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பட்டாணி என் மேல் சாய்ந்து தூங்கிவிட்டது. அதன் தலை சுட்டது. அன்றும் இறக்கிவிட்டுக் கடைக்குத்தான் போனேன். ஒரு ஆளுக்கு நிலப் பத்திரம் நாற்பது பக்கம் நகல் எடுத்தேன்.

அதன் பிறகு எட்டு நாள் போனது. அந்த எட்டு நாளும் வேனில் போனேன். உன் கடிதம் வந்தது. எட்டு வாரம் என்று எழுதியிருந்தாய். அந்தத் திரையைப் பற்றிப் படித்தேன். படித்துவிட்டு மறுநாளும் வேனில் போனேன்.

நேற்று மத்தியானம் ஓனரிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுக் கிளினிக்குக்குப் போனேன். உன் செருப்புதான் போட்டிருந்தேன். படியில் சத்தம் கேட்டதால் பாதியில் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். மேலே அதே நர்ஸ் இருந்தார். பேச வராது என்று தெரியும், அதனால் கடையில் வீணான தாளின் பின்பக்கத்தில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். நீட்டினேன். படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். பிறகு முகக்கவசம் எடுத்துக் கொடுத்து, போட்டுக்கொள்ளச் சொன்னார்.

"எழுதிக் குடுத்துட்டு நிக்கக் கூடாது. வாயால சொல்லு. யாரோடது?"

"என்னோடது."

"எது?"

"பிப்ரவரியில. ரெண்டாம் நாள் டப்பா. மூணாம் நாள் டப்பா."

"உங்கக்கா?"

"பாத்ரூம்ல இருந்தா. அவ குடுத்தது முதல் நாள் டப்பா மட்டும்தான், சிஸ்டர். அவளுக்கு ஒண்ணும் இல்லை."

அவர் திட்டவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். "ரெண்டு பேரும் இப்படி வாழ்க்கையைக் கெடுத்துக்கிட்டீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு உன் கோப்பை எடுத்துவரச் சொன்னார். அக்காவுக்கு விசா என்ன ஆகும் என்று கேட்டேன். மேலே எழுத வேண்டும், முடிவு அவர்கள் கையில், தன் கையில் இல்லை என்றார். கோப்பின் மேல் சிவப்பாக ஒரு சீட்டு ஒட்டினார். உன் போட்டோவில் பாதி அதற்குள் போய்விட்டது.

அத்தானுக்கு நான் தனியாக எழுதுகிறேன். உண்மையை எழுது என்று கேட்டிருந்தார். நான் பாதிதான் எழுதினேன்.

பிறகு எனக்குப் புதுச் சீட்டு எழுதினார்கள். பெயர் கேட்டார்கள், என் பெயரைச் சொன்னேன். முகவரி கேட்டார்கள், நம் வீட்டு முகவரியைச் சொன்னேன். டப்பா கொடுத்தார்கள், இருமிக் கொடுத்தேன். யார் யாரோடு நெருங்கி இருக்கிறாய் என்று கேட்டு ஒரு படிவத்தை எடுத்தார். அப்பா, அம்மா, ஓனர் என்று சொன்னேன். அவ்வளவுதானா என்றார். வேனைச் சொன்னேன். பிள்ளைகளை வரிசையாகச் சொன்னேன், முன் சீட்டிலிருந்து. படிவத்தில் ஆறு கோடுதான் இருந்தது. அவர் எழுந்து போய் இன்னும் இரண்டு படிவம் எடுத்து வந்தார். பட்டாணியை முதலில் கூப்பிடுங்கள் என்றேன். அதன் நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. வீட்டு அடையாளம் சொன்னேன்.

மணி மூன்றே கால் ஆகியிருந்தது. மூன்றரைக்கு அப்பா பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்துவார். நர்ஸிடம் ஃபோன் கேட்டு வாங்கி, அப்பாவுக்கு நானே பேசினேன். நாளையிலிருந்து வேன் எடுக்க வேண்டாம் என்று சொன்னேன்.